குறுவைக்குக் கொஞ்சம் உறக்கம்



'டார்மன்சி' என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் வழக்கும் பற்றிப் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் வாசலிலேயே என்னை மடக்கினார். "வயல்ல கதிரு முளைச்சுக் கிடக்கு, நீங்க இங்கிலீஷ் பாடம் எடுக்க வந்திருக்கீங்களாக்கும்?" என்றார். ஐயா, உங்கள் வயலில் கதிர் முளைத்துக் கிடக்கிறதே, அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன். அந்தச் சொல் அதற்குள்தான் இருக்கிறது.

லத்தீனில் 'டார்மிரே' என்றால் தூங்குவது. ரயில் நிலையத்தில் ராத்தங்க இடம் கேட்டால் 'டார்மிட்டரி' என்று கையைக் காட்டுகிறார்களே, அது அந்த வேரில் வந்த சொல். 'டார்மன்ட்', 'டார்மன்சி' இரண்டும் அதே குடும்பம். ஆனால் ஆங்கிலேயர் இந்தச் சொல்லை மனிதருக்கும் மாட்டுக்கும் சொல்வதில்லை. அவர்களுக்கு 'ஸ்லீப்' இருக்கிறது. 'டார்மன்ட்' என்பதை எரிமலைக்குச் சொல்வார்கள், உடம்பில் பதுங்கியிருக்கும் கிருமிக்குச் சொல்வார்கள், கம்பெனிக்கும் சொல்வார்கள். நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்திலேயே 'டார்மன்ட் கம்பெனி' என்று ஒரு பிரிவு இருக்கிறது. வங்கியில் கேட்டிருப்பீர்கள்: இரண்டு ஆண்டுக்கு மேல் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்றால் சேமிப்புக் கணக்கு 'டார்மன்ட்' ஆகிவிட்டது என்பார்கள். பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரியவர் உரிய காகிதத்தோடு வந்தால் பணம் கிடைக்கும். சொல்லின் பொருள் இப்போது பிடிபட்டிருக்கும். சாகவில்லை, இயங்கவும் இல்லை; இயங்கும் திறன் மட்டும் உள்ளே கெடாமல் இருக்கிறது.

தமிழுக்கு இந்த விஷயத்தில் சொற்பஞ்சம் கிடையாது. தூக்கம், உறக்கம், துயில், நித்திரை. நாம் நித்திரையைப் பஞ்சாங்கத்துக்கும் மேடைக்கும் விட்டுவிட்டோம். யாழ்ப்பாணத்தார் இன்றும் அன்றாடப் பேச்சில் நித்திரை கொள்கிறார்கள். குழந்தை கண்வளர்கிறது, பெருமாள் பள்ளிகொள்கிறார். கும்பகோணத்துச் சாரங்கபாணிப் பெருமாள் அதிலும் சற்றே எழுகிற கோலம், உத்தான சயனம். 'தூங்கு' என்பதற்குப் பழந்தமிழில் தொங்குவது, அசைவது என்றே பொருள். முற்றித் தலைசாய்ந்த நெற்கதிரைக் காட்டியிருந்தால் அந்தக் காலத்துத் தமிழர் அதைத் தூங்குகிறது என்று சொல்லியிருக்கக் கூடும்.

எனக்குப் பிடித்த சொல் 'துஞ்சு'. ராஜராஜ சோழனின் தந்தை சுந்தர சோழனுக்குக் கல்வெட்டில் ஒரு பெயர் உண்டு: பொன்மாளிகைத் துஞ்சின தேவர். காஞ்சியில் பொன்மாளிகையில் உயிர்விட்டதால் அந்தப் பெயர். 1054-இல் கொப்பத்துப் போரில் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்ட ராஜாதிராஜன், யானைமேல் துஞ்சின தேவர். இறந்த அரசருக்கு எடுத்த கோயில் பள்ளிப்படை. அதில் வரும் பள்ளியும் படுக்கையைக் குறிப்பதுதான். 'செமெட்ரி' என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, அதன் கிரேக்க மூலத்துக்கும் தூங்குமிடம் என்றுதான் பொருள். கிரேக்கனும் சோழனும் உட்கார்ந்து பேசிவைத்துக்கொண்டு செய்த வேலையல்ல இது. சாவைச் சாவு என்று சொல்ல மனிதனுக்கு எங்கேயும் வாய் வந்ததில்லை.

செடிகொடிக்கு வருவோம். சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் பொழுது சாய்ந்ததும் இலையை மடக்கிக்கொள்வதை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1755-இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் இந்த இலைமடக்கத்தைப் பற்றி, செடிகளின் உறக்கம் என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆய்வே வெளியிட்டார். அது இலைக் காம்பின் அடியில் நடக்கும் அசைவு, காலையில் தெளிந்துவிடும். விதையின் உறக்கம் வேறு சங்கதி. அதைத்தான் ஆங்கிலத்தில் 'டார்மன்சி' என்கிறார்கள். நம் வேளாண் பல்கலைக்கழகப் பாடங்களில் 'விதை உறக்கம்' என்று எழுதுகிறார்கள். நல்ல பெயர். ஆனால் விவசாயியோடு பேசும்போது இந்தப் பெயர் ஒரு குழப்பத்துக்கும் இடம் கொடுத்துவிடுகிறது.

பத்தாயத்தில் காய்ந்து கிடக்கிற போன வருஷத்து நெல் தூங்குகிறதா? பலரும் ஆமாம் என்பார்கள். இல்லை. அது தண்ணீருக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, கோணிச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு மூடிவைத்தால் மறுநாள் சாக்கின் கண்ணுக்குள் வெள்ளையாய் முளை எட்டிப் பார்க்கும். உறங்குகிற விதை அப்படி அல்ல. அன்று அறுத்த சில சம்பா ரகங்களின் நெல்லை இதே மாதிரி ஊறவைத்து, இதே சாக்கில், இதே சூட்டில் கட்டிவையுங்கள். தண்ணீரைக் குடிக்கும், உப்பும், முளைக்காது. "பச்சை நெல்லு முளைக்காதுப்பா, ஒரு மாசம் கெடக்கட்டும்" என்று வயதானவர்கள் சொல்வது இதைத்தான். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பது பழமொழி. நெல்லில் கதை தலைகீழ்: சும்மா கிடக்கிற விதையைத் தண்ணீர் எழுப்பிவிடும், நிஜமாகத் தூங்குகிற விதையைத் தண்ணீரால் எழுப்ப முடியாது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் இனி நான் சொல்லப்போவது எல்லாம் எளிது.

உறக்கம் எங்கே இருக்கிறது? நெல்லின் உமியை நகத்தால் உரித்துவிட்டு உள்ளே இருக்கும் அரிசியை ஈரத்தில் வைத்தால், உறங்கிய நெல் பெரும்பாலும் முளைத்துவிடும். ஆகவே உமிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1960-களில் மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ராபர்ட்ஸ் என்ற விஞ்ஞானி இதைத் துருவித் துருவிப் பார்த்தார். காய்ந்த நெல்லை வைத்திருக்கும் இடத்தின் சூடு கூடக் கூட உறக்கம் வேகமாகக் கலைகிறது என்று கண்டவர் அவர். இன்றும் விதை ஆய்வுக்கூடங்களில் உறக்கத்தைக் கலைக்க நெல்லை 50 டிகிரி சூட்டில் சில நாள் வைக்கிறார்கள். பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைப்பதும் உண்டு. ஏன் கலைக்க வேண்டும்? சான்று விதைக்கு நூற்றுக்கு 80-ஆவது முளைக்க வேண்டும் என்பது விதி. ஈரத்தாளில் விதையைப் பரப்பி 5-ஆம் நாள் ஒரு தடவையும் 14-ஆம் நாள் கடைசியாகவும் எண்ணுவார்கள். உறங்குகிற விதையை அப்படியே வைத்தால் நல்ல விதையும் செத்த விதை என்று பெயர் வாங்கித் தோற்றுவிடும்.

விதைக்கு உள்ளே இரண்டு ஹார்மோன்களின் இழுபறி நடக்கிறது. உறங்கு என்று சொல்வதற்கு அப்சிசிக் அமிலம் என்று பெயர். இதற்கு ஆங்கிலேயர் முதலில் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'டார்மின்'. மொட்டுகளை உறங்கவைக்கும் பொருள் என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தார்கள். அதே பொருளை அமெரிக்காவில் பருத்திக் காய் உதிர்வதை ஆராய்ந்தவர்கள் வேறு பெயரில் கண்டுபிடித்திருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று தெரிந்ததும் 1967-இல் கூடிப் பேசி, உதிர்வை வைத்து ஒரே பெயராக்கிவிட்டார்கள். சோதித்துப் பார்த்ததில் அந்தப் பொருளுக்கு இலை உதிர்வதில் பங்கு குறைவு, உறக்கத்தில்தான் அதிகம். தூக்கியெறிந்த பெயரே பொருத்தமான பெயர். எழு என்று சொல்லும் ஹார்மோன் ஜிப்ரெலின். அது கிடைத்ததே நெல்லில்தான். 1926-இல் தைவானில் குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, நாற்று அளவுக்கு மீறி நெட்டையாக வளர்ந்து சாய்கிற நோயை ஆராயும்போது, ஒரு பூஞ்சணம் சுரக்கும் பொருள்தான் அந்த வளர்ச்சிக்குக் காரணம் என்று காட்டினார். ஜப்பானியர் அந்த நோய்க்கு வைத்த பெயருக்குக் 'கிறுக்கு நாற்று' என்று பொருள்.

சரி, இந்த உறக்கம் நெல்லுக்கு எதற்கு? காட்டு நெல்லுக்கு இது உயிர்க்காவல். மழைக்காலக் கடைசியில் உதிர்ந்த மணி அப்போதே முளைத்தால் வறட்சியில் கருகிப்போகும். கோடையைத் தூங்கிக் கழித்துவிட்டு அடுத்த மழையில் எழ வேண்டும். சில களை விதைகள் இதில் மகா கெட்டிக்காரத்தனம் செய்யும். அமெரிக்காவில் மிச்சிகனில் பீல் என்ற பேராசிரியர் 1879-இல் களை விதைகளைப் புட்டிகளில் போட்டு மண்ணில் புதைத்துவைத்தார். இத்தனை ஆண்டுக்கு ஒன்று என்று தோண்டி எடுக்கிறார்கள். 2021-இல் எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன.

மனிதன் பயிரிடத் தொடங்கியதும் விதைக்கு உறக்கம் பிடிக்காத குணமாகிவிட்டது. தூவினால் எல்லாம் ஒரே நாளில் முளைக்க வேண்டும் அல்லவா? முளைத்ததை வளர்த்து, முளைக்காததைக் கைவிட்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாமே உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். பொதுவாக நம் இண்டிகா நெல்லுக்கு உறக்கம் அதிகம், ஜப்பானிகா நெல்லுக்குக் குறைவு. 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல் உறக்கத்தை ஆட்டிவைக்கும் ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வலுவான வடிவம் அவர்களுக்குக் கிடைத்தது 'கசலாத்' என்ற நம் நாட்டுப் பக்கத்து நெல்லில்.

இனி நம் ஊர்க் கதை. 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. 'பேக்கேஜ் திட்டம்' என்று சொன்னால் பெரியவர்களுக்கு நினைவு வரும். அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறையிலிருந்து வந்தது ஏ.டி.டி. 27. ஜப்பானின் நோரின் 10-க்கும், கிச்சிலிச் சம்பா என்று நாம் அறிந்த ஜி.இ.பி. 24-க்கும் பிறந்த பிள்ளை. நூற்றைந்து நாளில் அறுத்துவிடலாம். ஒருபோகம் மட்டும் எடுத்த எத்தனையோ வயல்கள் அதன் வரவால் இருபோகமாயின. அதைக் குறைசொல்லி நான் பேசமாட்டேன். அந்தக் காலத்துப் பசிக்கு அது சோறு போட்டது.

ஆனால் குறுவைப் போகத்தின் நாள்கணக்கைப் பாருங்கள். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கிறது. தண்ணீர் கடைமடைக்கு வந்து, நாற்றுவிட்டு, நட்டு, நூற்றைந்து நூற்றுப்பத்து நாள் ஓடினால் அறுப்பு செப்டம்பர் கடைசி, அக்டோபர். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. தண்ணீர் தாமதமானால் இன்னும் மோசம். 2024-இல் மேட்டூர் திறந்ததே ஜூலை 28-இல். குறுவையின் அறுப்பும் வானத்தின் திறப்பும் ஒரே நேரம். ஈரநெல் மலைமலையாகக் குவிந்து வீணாவதைக் கண்டுதான் 1967-இல் திருவாரூரில் ஈரநெல்லைக் காப்பதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். அது வளர்ந்து, பெயர் பல மாறி, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனமாக நிற்கிறது. ஒரு பயிரின் அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டதற்காக ஒரு தேசிய நிறுவனமே பிறந்த ஊர் இது.

அறுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. தாள் சாய்கிறது. சங்கிலி வைத்த அறுவடை மிஷினும் சேற்றில் இறங்க முடியாது. மூன்றாம் நாள் போய்ச் சாய்ந்த தாளைத் தூக்கினால் தனித்தனியாக வராது; மணிகள் ஒன்றையொன்று வேரால் பின்னிக்கொண்டு கொத்தாக வரும். உமியின் அடிப்பக்கம் வெடித்து வெள்ளை நூலாக ஒரு வேர், பக்கத்தில் ஊசிமுனைப் பச்சை. தண்ணீருக்குள் முழுகிக் கிடந்த கதிரில் குருத்து முந்தியிருக்கும். ஈரக்காற்றில் கிடந்ததில் வேர் முந்தியிருக்கும். மணியை நசுக்கினால் மாவு இளகித் தித்திக்கும், மாப்பொருள் சர்க்கரையாகத் தொடங்கிவிட்டது. அந்த நெல்லைக் காயவைத்து ஆலைக்கு அனுப்பினால் நொய்யாகப் போகும். அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரம் 17 சதத்துக்குள் இருக்க வேண்டும், சேதமான, நிறம்மாறிய, முளைத்த, பூச்சி அரித்த மணிகள் எல்லாம் சேர்ந்து 5 சதத்தைத் தாண்டக்கூடாது. தளர்வு கேட்டுக் கடிதம் போகும், குழு வரும், மாதிரி எடுத்துப் போகும். அதுவரை நெல் தார்ப்பாயின் கீழே. தார்ப்பாயின் கீழே சூடும் ஈரமும். முளைக்க வேறென்ன வேண்டும்?

வருஷா வருஷம் இந்தப் படம் பத்திரிகையில் வருகிறது. கொள்முதல் தாமதம், சாக்குத் தட்டுப்பாடு, கிடங்கு இல்லை, உலர்த்தி இல்லை என்று எழுதுகிறார்கள். எல்லாம் உண்மை, எல்லாம் சரிசெய்யப்பட வேண்டியவை. ஆனால் ஒன்றை யாரும் எழுதுவதில்லை. அந்த நெல்லுக்கு உறக்கம் இருந்திருந்தால் பத்துப் பதினைந்து நாள் மழையில் நனைந்தாலும் அது முளைத்திருக்காது. நிறம் மாறியிருக்கும், கொஞ்சம் பூஞ்சணம் பிடித்திருக்கும், முளைத்திருக்காது. நம் குறுகிய கால ரகங்கள் பலவற்றில் அந்த உறக்கம் மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. விளைச்சல், வயது, சன்னம், நோய் எதிர்ப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்த வேகத்தில் உறக்கம் கைநழுவிப் போயிற்று.

இதற்கு விதைத் துறையில் ஒரு மறுப்புச் சொல்வார்கள். உறக்கம் இருந்தால் அறுத்த விதையை உடனே விதைக்க முடியாதே என்பார்கள். நானும் அந்த வேலையில் இருந்தவன் என்பதால் மறுப்பின் நியாயம் எனக்குத் தெரியும். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்டோபரில் அறுத்த குறுவை நெல்லை அடுத்த குறுவைக்கு எடுத்துவைத்தால், நாற்றங்காலுக்குப் போவது ஜூனில். எட்டு மாதம். நவரைக்கு விதைத்தாலும் இரண்டு மாதத்துக்குக் குறையாது. இரண்டு மூன்று வாரம் உறங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும்போது சூட்டில் வைத்தோ கரைசலில் ஊறவைத்தோ கலைத்துக்கொள்ளலாம், அதற்கு வழி இருக்கிறது என்று முன்பே சொன்னேன். உண்மையான ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. உறக்கம் மாதக்கணக்கில் நீண்டால், அறுப்பில் உதிர்ந்த மணி மண்ணில் கிடந்து அடுத்த போகத்துப் பயிருக்கு நடுவே தலைகாட்டும். களைநெல் வயலை நாசமாக்குவது இந்தக் குணத்தால்தான். ஆகையால் நான் கேட்பது அளந்த உறக்கம்: அறுப்பைச் சுற்றியுள்ள மழை நாட்களைத் தாண்டினால் போதும். மரபணு எது என்று தெரிந்தபிறகு இது கனவுக் கோரிக்கை அல்ல. சில ஆண்டுகளின் பயிர்ப்பெருக்க வேலை.

அதுவரை என்ன செய்வது? சாய்ந்த வயலில் தண்ணீரை முதலில் வடியுங்கள். வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் ஜூலையிலேயே சண்டைபோட்டுத் தூர்வாருங்கள், அக்டோபரில் போட்டுப் பயனில்லை. ஆந்திராவில் புயலில் மாட்டிய கதிருக்கு 5 சத உப்புக் கரைசல் தெளிக்கச் சொல்கிறார்கள், லிட்டருக்கு 50 கிராம் கல்லுப்பு. உப்பு மணிக்குள் தண்ணீர் இறங்குவதைத் தடுக்கும். மழை விட்ட இடைவெளியில் தெளித்தால்தான் பலன். அடுத்த மழை கழுவிவிடும். நிரந்தரத் தீர்வு இது இல்லை.

ஒரு ரகத்தை வெளியிடும்போது அச்சிடும் துண்டறிக்கையில் வயது எத்தனை நாள், ஏக்கருக்கு எத்தனை கிலோ, ஆயிரம் மணியின் எடை எத்தனை கிராம் என்று இருக்கிறது. உறக்கம் எத்தனை நாள் என்பதையும் அதே அறிக்கையில், அதே எழுத்தளவில், தமிழில் போட வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். 1922-இலிருந்து நெல்லையே தொழிலாகக் கொண்ட ஆடுதுறை நிலையத்துக்கு இது பெரிய காரியம் இல்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த குறுவைக்கு விதை வாங்கப் போகும்போது, மகசூல் எத்தனை மூட்டை என்று கேட்கிற வாயால், அறுத்தபின் எத்தனை நாள் உறங்கும் என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். அங்கேயும் தெரியாவிட்டால் ஊரில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு ஆடுதுறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.